ஆண்டவருக்குக் காற்று மெத்தை

படுக்கை விரிப்பின் நான்காவது மூலையை அடியில் செருகும்போது மெத்தை அவள் கையைத் திருப்பித் தள்ளியது. ஊரார் முதல்பங்கு என்று கூப்பிடும் அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். கடைக்காரன் சொல்லிவிட்டுப் போனது பிறகுதான் நினைவுக்கு வந்தது. இது காற்று மெத்தை. குறுக்கே வரிசையாகக் கிடக்கும் குழாய்களில் ஒன்று விட்டு ஒன்று ஊதும். பத்து நிமிடம் கழித்து ஊதியது இறங்கும், இறங்கியது ஊதும். படுத்திருப்பவர் அசையாவிட்டாலும் பாரம் ஒரே இடத்தில் தங்காது. புண் வராது, வந்த புண்ணும் ஆறும்.

கால்மாட்டில் மாட்டியிருந்த சின்ன மோட்டார் உர்ரென்று பேசிக்கொண்டிருந்தது. அவள் மூலையை மறுபடி செருகி, உள்ளங்கையால் விரிப்பை ஒரு தடவு தடவினாள். முப்பத்தைந்து வருடம் திரைச்சீலை தைத்த கை. சுருக்கம் அந்தக் கைக்குப் பயந்து ஓடும். தலையணை உறையின் ஓரத்தை நகத்தால் நீவி, போர்வையை மூன்றாக மடித்துக் கால்மாட்டில் வைத்தாள். எல்லாம் அச்சாக இருந்தது. ஒரே ஒரு குறைதான். அந்தக் கட்டிலில் படுக்க ஆள் கிடையாது.

ஆள் பக்கத்து அறையில் கிடந்தார்.

அவளுடைய புருஷன். கடையில் துணி வெட்டியவர் என்பதால் ஊருக்கே அவர் கட்டர். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நடுவில் குழி விழுந்த பழைய பஞ்சு மெத்தையில் படுத்தபடி, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் மோட்டார் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வாலெலும்புக்கு மேல் அவருக்கு ஒரு படுக்கைப்புண். மெத்தை வாங்கியதே அந்தப் புண்ணுக்காகத்தான். அது ஏன் பக்கத்து அறைக்குப் போனது என்று கேட்டால், முதல்பங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஏழு பிள்ளைகளில் ஏழாவதாகப் பிறந்தவள் அவள். சாப்பாட்டுக் கரண்டி அவள் தட்டுக்கு வரும்போது பாத்திரத்தைச் சுரண்டும் சத்தமும் கூடவே வரும். ஆறு பேர் போட்டுக் கிழித்த சட்டை, ஆறு பேர் குளித்து ஆறிய வெந்நீர், ஆறு பேர் எழுதித் தேய்ந்த பென்சில். பங்கு என்றால் என்ன, அதில் முதல் எது, கடைசி எது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கட்டரைக் கட்டிக்கொண்டு, ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒரே ஒரு தையல் இயந்திரத்தோடு இருவரும் திரைச்சீலை தைக்க ஆரம்பித்தார்கள். அவர் அளந்து வெட்டுவார். அவள் மடிப்பு வைத்து, அடித்துணி கொடுத்து, வளையம் கோத்துத் தைப்பாள். பதினைந்து வருடத்தில் மாடிப்படி போய்க் கடைவீதியில் சொந்தக் கடை வந்தது. நாலு அறை வீடும் வந்தது.

வீடு வந்த கொஞ்ச நாளில் ஒரு வெளியூர் ஊழியக்காரர் ஒரு வாரம் தங்குவார் என்று சபையில் சொன்னார்கள். அவள் தன் வீட்டில் வெளிச்சமான அறையை அவருக்காக ஒழித்து வைத்தாள். அவர் பஸ்ஸைத் தவறவிட்டு வராமலே போய்விட்டார். அந்த வாரம் கடைவீதியில் தீப்பிடித்தது. வரிசையில் ஏழு கடைகள் எரிந்தன. தீ அவள் கடைச் சுவர் வரை வந்து, சுவரைக் கறுப்பாக்கிவிட்டு நின்றது. வராத விருந்தாளிக்காகக் காலியாகக் கிடந்த அறைதான் தீயை நிறுத்தியது என்று அவள் முடிவு கட்டினாள். பக்கத்துக் கடைக்காரரும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறவர்தான். அவர் கடை கரியாகிப் போனது. அது எப்படி என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் முடிவு ஆட்டம் கண்டுவிடும் அல்லவா.

அன்றிலிருந்து அந்த அறை ஆண்டவருடையது. இருபது வருடமாக வீட்டுக்கு எது வந்தாலும் முதல் பங்கு அங்கே போகும். புதுக் குடை, புதுக் கடிகாரம், புதுத் துண்டு. ஒவ்வொரு துணிச்சுருளிலும் முதல் இரண்டு மீட்டர் சபைக்கு. சபையில் ஒன்பது ஜன்னல்கள். பத்தாவது தடவையாகத் திரை போட்ட பிறகு போதகர் அவள் வருவதைப் பார்த்தாலே ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார். பேச்சுக்கு நடுவே "எனக்கு முதல்ல ஆண்டவர், மத்ததெல்லாம் அப்புறம்" என்று அவள் சொல்வாள். சனிக்கிழமைதோறும், யாரும் படுக்காத படுக்கையின் விரிப்பைத் துவைத்து மாற்றுவாள். முதல்பங்கு என்ற பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அவளே அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டாள்.

பொல்லாதவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏழைக்கு இல்லை என்று சொன்னதில்லை, வேலைக்கு வருகிறவர்களிடம் முகம் சுளித்ததில்லை. கட்டர் விழுந்த நாளிலிருந்து தன் கையாலேயே ஊட்டினாள். கடவுளை முதலில் வைத்தாள் என்பதும் பொய் இல்லை. வைத்த இடம்தான் வாசல். காவல்காரன் நிற்கிற இடம்.

சரி, மெத்தைக்கு வருவோம். கட்டரைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் நச்சரித்து நச்சரித்து, முந்தின நாள்தான் முதல்பங்கு காற்று மெத்தை வாங்கப் போனாள். கடையில் இருந்தது ஒன்றே ஒன்று. அடுத்தது வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. ஆண்டவர் அறையில் இருப்பது ஐந்து வருடத்து சாதாரண ஸ்பாஞ்ச் மெத்தை. புருஷன் புது மெத்தையில் படுத்தால், ஆண்டவரைவிட மனுஷன் உயரத்துக்குப் போய்விடுவான். ஆகவே புதியது ஆண்டவருக்கு. அவருடைய பழையதைக் கட்டருக்குப் போடலாமே என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். கொடுத்ததைத் திருப்பி எடுக்கலாமா? அது அப்படியே சபைக்குப் போனது. கட்டருக்கு மிச்சம் அந்தக் குழிதான்.

எட்டு மணிக்கு நர்ஸ் வந்தாள். முறையான நர்ஸ் படிப்பு இல்லை. முதியோர் பராமரிப்புக்குப் பயிற்சி எடுத்தவள். ஐம்பது வயது, முழங்கால் வலி, கூரான நாக்கு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காதைத் தீட்டினாள்.

"மெத்தை வந்துடுச்சாம்மா? மோட்டார் சத்தம் கேக்குதே!"

"வந்துடுச்சு, வந்துடுச்சு."

நர்ஸ் சந்தோஷமாகக் கட்டர் அறைக்குள் போனாள். போன வேகத்தில் வெளியே வந்து, சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறை வாசலில் போய் நின்றாள். விரிப்பு மெல்ல ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்தது.

"யாரும்மா இங்க படுத்திருக்கறது?"

"யாருமில்ல."

"அப்ப யாருக்கு ஓடுது?"

முதல்பங்கு முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "இவருக்கு அடுத்தது மூணு வாரத்துல வந்துடும். இது ஆண்டவர் ரூம். உங்களுக்குத் தெரியும்ல."

"ஓ. அவருக்கு எத்தனை நாளா உடம்புக்கு முடியல?"

"நர்ஸம்மா, வாய அடக்குங்க."

"நான் அடக்கிடறேம்மா. அந்தப் புண்ணு அடங்காது. வாங்க, காட்டறேன்."

கட்டரை இடப்பக்கமாகத் திருப்பி, கட்டைப் பிரித்துக் காட்டினாள். முதல்பங்கு எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"அங்க என்ன இருக்கு? இங்க பாருங்க. போன வாரம் சட்டைப் பொத்தான் அளவு. இன்னைக்குக் கோட்டுப் பொத்தான். சுத்தியும் செவந்திருக்கு, தொட்டா சுடுது."

"அடுத்த வாரம்... நூல்... கண்டு," என்றார் கட்டர் தலையணைக்குள்ளிருந்து. அவர் வாய் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். வேலை செய்யும் பக்கத்தில் கிண்டல் அப்படியே இருந்தது.

"சும்மா இருங்க," என்றாள் முதல்பங்கு.

"சும்மாதான்... இருக்கேன். அதான்... வியாதி."

நர்ஸ் சிரிக்கவில்லை. உப்புநீரால் புண்ணைக் கழுவிக்கொண்டே பேசினாள். "மூணு வாரம்னு சொன்னீங்கல்ல, அடுத்த மெத்தைக்கு? மூணு வாரத்துல இந்தக் குழியில எலும்பு தெரியும்மா. நான் பயமுறுத்தலை. பாத்திருக்கேன். காய்ச்சல் வரும், ரத்தத்துல சீழ் கலந்துடும், அப்புறம் மெத்தை தேவைப்படாது. அந்த ரூம்ல இருக்கறதை எடுத்து இங்க போடுங்க. பத்து நிமிஷ வேலை."

"நீங்க சொல்றது உங்களுக்குச் சுலபம். இருபது வருஷமா அந்த ரூமுக்குக் கொடுத்ததுல ஒரு ஊசியக்கூட எங்களுக்குன்னு திருப்பி எடுத்ததில்ல. இந்தக் கடை, இந்த வீடு, எல்லாம் அந்த ரூமாலதான் நிக்குது."

"நான் அஸ்திவாரத்தாலன்னு நெனச்சேன்," என்றாள் நர்ஸ்.

முதல்பங்கு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். கோபம் இல்லை, பயம். மெத்தையைத் தொட்டால் கடை போய்விடும் என்ற பயம். தொடாவிட்டால் மனுஷன் போய்விடுவான் என்ற பயம். முதல் பயம் இருபது வருடத்துக்குப் பழையது, வீட்டில் அதற்குத் தனி அறையே இருந்தது. இரண்டாவது பயம் இப்போதுதான் வந்து வாசலில் நிற்கிறது.

மதியம் கடையை அரை மணி நேரம் பூட்டிவிட்டு நாத்தனார் வந்தாள். கட்டரின் தங்கை. கட்டர் விழுந்த பிறகு கத்தரிக்கோல் அவள் கைக்கு வந்திருந்தது. அண்ணனை எட்டிப் பார்த்தாள், அடுத்த அறையையும் எட்டிப் பார்த்தாள். நர்ஸ் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஏன் அண்ணி, ஒரு யோசனை சொல்லவா?"

"வேணாம்."

"அண்ணனைச் சபைக்கு எழுதிக் கொடுத்துடுங்களேன், காணிக்கையா. அப்பவாவது அந்த ரூம்ல இடம் கிடைக்கும்."

"உனக்கு எல்லாம் விளையாட்டு. நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா? தீ வந்துச்சே, மறந்துட்டியா? நம்ம சுவத்துல நின்னுச்சே!"

"நின்னுச்சு. தீயணைப்பு வண்டியும் அங்கதான் நின்னுச்சு. அந்த ஆளுங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தீங்களா?"

"ஏய்!"

"கத்தாதீங்க, அண்ணன் தூங்கறார்."

"தூங்கல," என்றது பக்கத்து அறை.

நாத்தனார் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "அண்ணி, அவரு வெட்டினதுதான் நீங்க தைச்சீங்க. மறந்துடாதீங்க," என்றாள். கிண்டல் செய்தபோது வராத எரிச்சல் முதல்பங்குக்கு அப்போது வந்தது.

மூன்று மணிக்குப் போதகர் வந்தார். மாதம் ஒருமுறை நோயாளி வீடுகளுக்கு வருவது அவர் வழக்கம். நாற்பது வயது, தொப்பை, எந்த வீட்டிலும் யாரையும் பகைத்துக்கொள்ளாத முகம். முதல்பங்கு அவரைக் கண்டதும் கோர்ட்டில் சாட்சி கிடைத்ததுபோல நிமிர்ந்தாள்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. ஆண்டவருக்குன்னு வச்சதை எடுக்கலாமா?"

அவள் காட்டிய அறையைப் போதகர் பார்த்தார். ஓடும் மோட்டாரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சபையில் உள்ள ஒன்பது ஜன்னல்களும் அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும்.

"அது... வந்து... ஜெபிச்சு முடிவெடுப்போம்மா."

"ஜெபிக்கறதுக்கு முன்னாடி ஒரு கை பிடிங்க ஐயா," என்று நர்ஸ் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "திருப்பற நேரம் ஆச்சு. எனக்கு முழங்கால் மடங்கல."

போதகர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். கட்டரின் தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுக்கச் சொன்னாள் நர்ஸ். கொடுத்தார். கட்டர் திரும்பினார். கட்டு நனைந்திருந்ததால் நர்ஸ் அதைப் பிரித்தாள். போதகர் மேடையில் ஆயிரம் தடவை காயங்களைப் பற்றிப் பேசியிருப்பார். ஒன்றையும் இவ்வளவு கிட்டத்தில் முகர்ந்ததில்லை. பிடித்த கையை விடவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல், நர்ஸ் புதுக்கட்டுப் போட்டு முடிக்கும் வரை வியர்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்," என்றார். "நேத்து நீங்க அனுப்பின பழைய மெத்தை இருக்குல்ல. அதை எங்க வைக்கறதுன்னு தெரியல. காவல்காரர்கிட்ட கொடுத்துட்டேன். வெறும் பெஞ்சுல படுக்கறார், பாவம்."

முதல்பங்கு வாயைப் பொத்தினாள். "ஆண்டவரோட மெத்தையில காவல்காரனா!"

"அவர்... முதுகு... இப்ப... தேவலையாமா?" என்று கட்டர் உள்ளேயிருந்து கேட்டார்.

"நல்லாத் தூங்கினாராம்," என்றார் போதகர்.

உள்ளே கட்டர் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது, ஆனால் கட்டில் ஆடியது. மூன்று மாதத்தில் அவர் சிரித்து யாரும் கேட்கவில்லை. முதல்பங்குக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருடம் அவள் வாராவாரம் விரித்த மெத்தையில் முதலில் தூங்கியது ஒரு காவல்காரன். வானம் இடிந்து விழவில்லை. அவனுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது.

போதகர் எழுந்தார். முகத்தில் இப்போது கொஞ்சம் மனுஷக்களை இருந்தது. "எடுத்துக் கொடுத்துடுங்கம்மா. நான் சொல்றேன்ல."

"நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க ஐயா. போனா என் கடைதானே போகும்."

போதகர் சுருக்கமாக ஜெபித்தார். எந்தப் பக்கமும் சாயாத ஜெபம். போகும்போது, பதினோராவது தடவையாகத் திரை வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் 'என் கடை' என்று அவள் சொன்ன வார்த்தை அறையிலேயே நின்றுவிட்டது. அதைக் கட்டரும் கேட்டார். உள்ளேயிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை. முதல்பங்கு காத்துப் பார்த்தாள். வரவில்லை.

நாலு மணிக்கு நர்ஸ் கட்டரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றி, வளையத் தலையணை வைத்து, அரை மணி நேரத்துக்கு ஜன்னலோரம் உட்கார வைத்தாள். பஞ்சு மெத்தை காலியாக இருந்தது. நடுவில் ஒரு ஆள் அளவுக்குக் குழி.

"அம்மா, உங்ககிட்ட இனிமே மெத்தையைப் பத்திப் பேசமாட்டேன்," என்றாள் நர்ஸ். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சாயங்காலம் நீங்க ஜெபம் பண்ணுவீங்கல்ல? இன்னைக்கு இதுல படுத்துக்கிட்டுப் பண்ணுங்க. அந்தக் குழியில, மல்லாக்க. ஒரே நிபந்தனை. அசையக் கூடாது. அவரால அசைய முடியாதுல்ல, அது மாதிரி."

"இது என்ன கூத்து?"

"கூத்துதான். உங்க ஆண்டவர் முன்னாடி படுத்தா என்ன, நின்னா என்ன?"

நர்ஸின் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே முதல்பங்கு படுத்தாள். குழி அவளை இழுத்துக்கொண்டது. கண்ணை மூடினாள். அவளுடைய ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. வருடக்கணக்காக மாறாத வரிசை. முதலில் ஸ்தோத்திரம், அதற்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். அப்புறம் கடை. கடையின் கூரை. கடையின் மின்சார வயர். பக்கத்துக் கடையின் மின்சார வயர், ஏனென்றால் தீ அங்கேயிருந்துதான் வரும். சரக்கு. சரக்கைப் பூச்சி அரிக்காமல் இருப்பது. எதிர்ப்பக்கம் புதிதாக வந்திருக்கும் கடைக்குக் கூட்டம் போகாமல் இருப்பது; இதைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வாள். இரும்புக் கதவு. வீடு. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

கூரைக்கு வரும்போது வாலெலும்பில் ஏதோ உறுத்தியது. பஞ்சு கட்டியாகத் திரண்டிருந்தது. வயருக்கு வரும்போது இடுப்பு முழுக்க எரிந்தது. அசையக் கூடாது. பக்கத்துக் கடையின் வயரை அவசரமாகத் தாண்டினாள். பூச்சி என்று ஆரம்பித்தவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. முழு ஞாபகமும் ஓரிடத்துக்குப் போய்விட்டது, ஒரு பொத்தான் அளவு இடத்துக்கு. கடை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. "ஆண்டவரே, முதுகு," என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரிசையில் கட்டரின் முதுகு எங்கே? தேடினாள். இருந்தது. இல்லாமல் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்து இருந்தது. மூன்று மாதமாக, தினமும், தொட்டியில் பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு புருஷனின் முதுகைக் கேட்டிருக்கிறாள். அந்த வரிசையில் முதலில் நின்றது கடை. ஸ்தோத்திரம் என்பது, அதிகாரியிடம் காரியம் கேட்கும் முன் வைக்கிற வணக்கம்.

எத்தனை நிமிடம் ஆனது என்று கேட்டாள்.

"ஏழு," என்றாள் நர்ஸ். "அவரு தொண்ணூறு நாள்."

முதல்பங்கு எழுந்திருக்கப் பார்த்தாள். குழியிலிருந்து ஏற முடியவில்லை. நர்ஸ் கை கொடுத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோரம் இருந்த கட்டரைப் பார்த்தாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நர்ஸம்மா."

"சொல்லுங்க."

"எடுத்துட்டு, அவரு கோவிச்சுக்கிட்டாருன்னா?"

"யாரு? ஐயாவா?"

"விளையாடாதீங்க."

நர்ஸுக்குக் கோயில் குளம் என்று ஓடுகிற பழக்கம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்குகிறவள். "கோவிச்சுக்கற ஆளா இருந்தா கோவிச்சுக்கட்டுமே. உங்க கடையை எடுத்துக்கட்டுமே. அது அவரு கொடுத்ததுன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்றீங்க? கொடுத்தவரு எடுத்துக்குவாருன்னு இப்படி நடுங்கினா, எதைம்மா நீங்க முதல்ல வச்சிருக்கீங்க?"

முதல்பங்குக்கு அழுகை வரவில்லை. அவள் அழுகிற ஜாதி இல்லை. பிறகு எழுந்து, இடுப்பைப் பிடித்தபடி அடுத்த அறைக்குப் போனாள். நர்ஸ் பின்னாலேயே போனாள்.

கட்டில் பக்கத்தில் நின்று முதல்பங்கு நேராகவே பேசினாள். கண்ணை மூடவில்லை, ஸ்தோத்திரத்தில் ஆரம்பிக்கவும் இல்லை. "இதை எடுக்கறேன். கடையை எடுக்கணும்னா எடுத்துக்கோங்க. நான் இனிமே அதைப் பத்திக் கேக்கமாட்டேன். அவரை மட்டும் விட்டுடுங்க." மறுபடியும் பேரம் பேசுகிறோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, அதுவும் உங்க இஷ்டம்," என்றாள். அந்த நாலு சொல்லைச் சொல்வதற்கு அவளுக்கு மூச்சு வாங்கியது. கடை வைத்த நாளில்கூட அவ்வளவு பெரிய சுமையை அவள் தூக்கியதில்லை, இறக்கியதும் இல்லை.

பிறகு விரிப்பின் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மோட்டாரை நிறுத்தினாள். காற்று இறங்கும்போது மெத்தை நீளமாகப் பெருமூச்சு விட்டது.

"அவருக்கும் நிம்மதி," என்றாள் நர்ஸ்.

"வாய மூடிட்டு அந்தப் பக்கம் பிடிங்க."

இருவரும் அதைச் சுருட்டித் தூக்கி வந்தார்கள். பஞ்சு மெத்தையை மடக்கி வெளியே தள்ளினார்கள். காற்று மெத்தையை விரித்து, குழாயை மாட்டி, நர்ஸ் கட்டரின் எடைக்குத் தகுந்தபடி மோட்டாரின் குமிழைத் திருப்பினாள். மெத்தை ஊதி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. கட்டர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு அவரைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்று முதல்பங்கு கேட்டாள். அதட்டலாகத்தான் கேட்டாள்.

கட்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முதுகுக்குக் கீழே ஒரு குழாய் இறங்கி, இன்னொன்று ஏறியது.

"யாரோ... கீழ இருந்து... தாங்கற மாதிரி," என்றார்.

"மோட்டாருங்க அது," என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருபது வருடமாகக் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தெரு முனை வரை போய்க் கடை நிற்கிறதா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவது முதல்பங்கின் வழக்கம். அதைப் பார்த்துவிட்டு வந்துதான், எனக்கு முதலில் ஆண்டவர் என்று முழங்கால் போடுவாள். மறுநாள் காலை அவள் போகவில்லை. செருப்புக்குள் கால் தானாகப் போனது, எடுத்துவிட்டாள். வெந்நீர் வைத்து, கட்டரின் முகத்தைத் துடைத்து, புண்ணைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். நேற்றுச் சுட்டதுபோலச் சுடவில்லை. புண் அதே அளவில்தான் இருந்தது. ஒரு நாளில் ஆற அது ஒன்றும் அற்புத சுகமளிக்கும் கூட்டம் இல்லை.

ஏழரைக்கு நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, கடை முன்னாடிதான் நிக்கறேன். எரியல."

"சரி."

"பூட்டுகூட அப்படியே இருக்கு."

"சரிடி."

"வந்து பாக்கலையா?"

"நீ திற. பச்சைத் துணிக்கு அளவு கொடுக்க ஆள் வரும். அடித்துணிக்குக் கூட்டி அளந்துக்க. எனக்கு இங்க வேலை இருக்கு. அவரை இப்ப வலப்பக்கம் திருப்பணும்."

போனை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நர்ஸ் வர இன்னும் அரை மணி இருந்தது. தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் புருஷனைத் திருப்பினாள்.

"மெதுவா," என்றார் கட்டர்.

"மெதுவாத்தான் திருப்பறேன். நீங்க காலை மடக்குங்க."